பினாங்குல ஷாப்பிங்: எத எங்க, எந்த நேரத்துல வாங்கணும்

2024 டிசம்பர்ல சென்னையில இருந்து மலேசியாவுல இருக்கிற பினாங்குத் தீவுக்கு இண்டிகோ நேரா பறக்க ஆரம்பிச்சாலும் ஆரம்பிச்சுது, நம்ம வாட்ஸ்அப்புக்கு ஓய்வே இல்ல. மாமா பையன், அவனோட ஆபீஸ்காரன், சித்தி வீட்டு மாடியில குடியிருக்கிற அக்கான்னு யார் யாரோ கேக்குறாங்க, அங்க என்ன மலிவு, எங்க வாங்கலாம், பேரம் பேசலாமான்னு. கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருந்து லீவு விட்டா கார எடுத்துட்டு வர்ற கூட்டமும் இதையேதான் கேக்குது, கேட்டுட்டு நேரா மாலுக்குப் போயி கேஎல்ல இருக்கிற அதே கடையில அதே சட்டைய வாங்கிட்டுத் திரும்பிடுது. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதான் மொத்தமா இங்கயே எழுதிடுறேன்.

மொதல்ல ஒரு தப்புக் கணக்க அழிச்சிடலாம். பினாங்கு டியூட்டி ஃப்ரீ இல்லங்க. 1786-ல பிரான்சிஸ் லைட் வந்து எறங்குன காலத்துல இருந்து இது வரியில்லாத துறைமுகமாத்தான் இருந்துச்சு, அந்த சலுகைய 1969-ல எடுத்துட்டாங்க. ஆனா அந்தப் பேச்சு மட்டும் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு, தாத்தா காலத்துல யாரோ பினாங்குல இருந்து வாட்சும் ரேடியோவும் கொண்டுவந்த கதைய கேட்டுட்டு இப்பவும் எலக்ட்ரானிக் சாமான் லிஸ்ட்டோட வர்றவங்க இருக்காங்க. சாக்லெட், போத்தல் சரக்கு இதெல்லாம் வரியில்லாம வேணும்னா லங்காவிக்குப் போங்க, அதுக்கு 1987-ல இருந்து அந்த அந்தஸ்து இருக்கு. அப்பறம் சில பேர் ரசீதெல்லாம் பத்திரமா மடிச்சு வச்சுகிட்டு ஏர்போர்ட்ல வரிய திருப்பி வாங்கலாமான்னு தேடுவாங்க. ஜிஎஸ்டி இருந்த காலத்துல டூரிஸ்ட்டுக்கு அந்த வசதி இருந்துச்சு, 2018-ல ஜிஎஸ்டியே போயிடுச்சு, அதோட சேந்து அதுவும் போச்சு.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். பினாங்குல ஷாப்பிங்குக்குன்னு ஒரே இடம் கெடையாது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தெரு, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நேரம். காலையில போக வேண்டிய எடத்துக்கு சாயங்காலம் போனா ஷட்டரத்தான் பாத்துட்டு வருவீங்க, ராத்திரி கடை போடுற எடத்துக்கு மத்தியானம் போனா வெறும் ரோடுதான் இருக்கும். டூர் பஸ்ல வர்றவங்களுக்கு இந்த வித்தியாசமே தெரியறதில்ல, பஸ் எங்க நிக்குதோ அங்க எறங்கி, அந்த ஷோரூம்ல குடுக்குற ஒரு துண்டு சாக்லெட்ட சாப்ட்டு, ஒரு சின்ன கப்பு காப்பி குடிச்சுட்டு, பை நெறைய வாங்கிட்டு ஏறிடறாங்க. அப்படிப்பட்ட எடத்துல ஆள கூட்டிட்டு வர்றவருக்கு கமிஷன் உண்டு, அந்தக் கமிஷன் உங்க பில்லுலதான் உக்காந்திருக்கும். அதே காப்பி பாக்கெட் சூப்பர்மார்க்கெட் ரேக்ல சத்தமில்லாம மலிவா இருக்கும்.

காசு மாத்துறத ஏர்போர்ட்ல கொஞ்சமா செஞ்சுட்டு, மிச்சத்த லிட்டில் இந்தியாவுல மாத்துங்க. லெபோ பாசார், மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ரோடு பக்கமெல்லாம் வரிசையா மணி சேஞ்சர் இருக்கு, முக்காவாசி நம்ம தமிழ் முஸ்லிம் ஆளுங்க கடைதான், தமிழ்லயே ரேட் கேக்கலாம். ரெண்டு கடையில கேட்டுட்டு மூணாவதுல மாத்துங்க, பக்கத்து பக்கத்துலயே இருக்கிறதால ரொம்ப வித்தியாசம் இருக்காது ஆனா பெரிய தொகைன்னா அந்தக் கொஞ்சமே ஒரு வேள சாப்பாட்டுக்கு ஆவும். கடைக்காரர் இருவது வெள்ளின்னு சொன்னா இருவது ரிங்கிட், இங்க நம்ம ஆளுங்க அப்படித்தான் சொல்லுவாங்க. உள்ளூர்க்காரங்க எல்லாரும் ஃபோன்ல கியூஆர் தட்டிட்டுப் போயிடுவாங்க, அதப் பாத்துட்டு நீங்களும் கையில காசு இல்லாம போகாதீங்க, மார்க்கெட்டுலயும் பாசார் மாலாம்ங்கிற ராத்திரிச் சந்தையிலயும் வெளிநாட்டு கார்டு நீட்டுனா உங்க மூஞ்சியத்தான் பாப்பாங்க. பஸ்லயும் சில்லறை சரியா வச்சுக்குங்க, டிரைவர் பாக்கி தரமாட்டார்.

சரி, காலையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

காலையில சௌராஸ்தா மார்க்கெட். ஜாலான் பினாங்ல இருக்கு, செண்டோல் குடிக்க எல்லாரும் க்யூ நிக்கிற கெங் குவீ சந்துல இருந்து நடந்தே போயிடலாம். என்னைக் கேட்டா பினாங்குல ஒரே ஒரு எடத்துலதான் வாங்க நேரம் இருக்குன்னா இங்க போங்கன்னுதான் சொல்லுவேன். ரோட்டப் பாத்த மாதிரி இருக்கிற கடைங்கதான் ஜெருக் கடை, அதாவது ஊறப்போட்ட பழம். பெரிய பெரிய கண்ணாடி ஜாடியும் பிளாஸ்டிக் தொட்டியும் அடுக்கி வச்சிருப்பாங்க, மாங்கா, அம்ரா, அரநெல்லி, பப்பாளி, கொய்யான்னு பச்சை, மஞ்சள், செவப்பு எல்லா நெறத்துலயும் சக்கரத் தண்ணியில மெதக்கும். அதுல நீங்க தேட வேண்டியது ஜாதிக்கா.

இந்தியாவுல இருந்து வர்றவங்களுக்கு ஜாதிக்கான்னா அந்தக் கொட்டையும் அத சுத்தி இருக்கிற ஜாதிபத்திரியும்தான் தெரியும், கறி மசாலால போடறது, கொழந்தைக்கு உரசிக் குடுக்கறது. இங்க நாங்க சாப்புடறது வெளிய இருக்கிற சதைய. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில மொலுக்காஸ் தீவுல இருந்து கன்னு கொண்டுவந்து நட்ட மரம், இன்னிக்கும் தீவோட அந்தப் பக்கம் பாலிக் பூலாவ்ல தோட்டம் இருக்கு. கடையில அது மூணு நாலு வகையா இருக்கும். பாகுல ஊறுனது ஒண்ணு, மென்னா கடுக்கு முடுக்குன்னு இருக்கும், மொதல்ல இனிப்பு அப்பறம் நாக்கு ஓரத்துல சுருக்குன்னு ஒரு காரம். வெயில்ல காயவச்சு கருப்பா சுருங்கிப் போனது ஒண்ணு, அது பாக்க அழகா இருக்காது ஆனா வாசம் அதுலதான் ஜாஸ்தி, என்னோட ஓட்டு அதுக்குத்தான். அப்பறம் மெல்லிசா சீவி சக்கரை பூசுனது, அதுல செவப்பு சாயம் போட்டது, கொழந்தைங்க பாத்த ஒடனே அதத்தான் கேக்கும்.

வாங்குற முறை இருக்கு. கடைக்கார அக்காகிட்ட "ராசா போலே?"ன்னு கேளுங்க, மலாய்ல ருசி பாக்கலாமான்னு அர்த்தம், குச்சியில குத்தி ஒரு துண்டு குடுப்பாங்க. ரெண்டு மூணு வகை சாப்ட்டுப் பாத்துட்டு எடை போடச் சொல்லுங்க, சும்மா பாக்கெட் போட்டு தொங்கவிட்டிருக்கிறத எடுக்காதீங்க, அதுல எப்ப அடைச்சதுன்னு தெரியாது. விமானத்துல போறவங்க காஞ்சத வாங்குங்க, பாகுல இருக்கிறது பை பூரா வழிஞ்சிடும். அங்கயே சின்ன போத்தல்ல ஜாதிக்கா எண்ணெயும் தைலமும் விப்பாங்க, கால் பிசகுனா தேய்க்க, வயிறு உப்புனா தொப்புளச் சுத்தி தடவ. ஊர்ல இருக்கிற பெரியவங்களுக்கு கொண்டுபோக இத விட நல்ல சாமான் எனக்குத் தெரிஞ்சு இல்ல, எடையும் இல்ல, விலையும் இல்ல, பேத்தி மலேசியாவுல இருந்து கொண்டுவந்தான்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருப்பாங்க.

மார்க்கெட்டுக்கு உள்ள போனா மீனு, கோழி, காய்கறி. தரை ஈரமா இருக்கும், செருப்பு வழுக்கும், ஹைஹீல்ஸ் போட்டுட்டுப் போகாதீங்க லா. ஆனா ஒரு எட்டு போயி அந்த அரைச்ச மசாலா விக்கிற மேசைய பாருங்க. மொளகா விழுது, மஞ்சள் விழுது, இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம் தனித்தனி குமிச்சு வச்சிருப்பாங்க, என்ன கறின்னு மட்டும் சொல்லணும். மீனா கோழியா, எத்தன கிலோ, காரம் வேணுமா, கொழந்தைங்க இருக்காங்களா, இவ்ளோதான் கேள்வி, அப்பறம் கரண்டியால ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு பையில போட்டு முடிச்சுப் போட்டு குடுத்துடுவாங்க. அளவு எதுவும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க, எல்லாம் கைக்கணக்கு. கேஎல்ல இருந்து கார்ல வந்தவங்க இத ஐஸ்பெட்டியில வச்சு கொண்டு போகலாம். விமானத்துல வந்தவங்க இதப் பாத்து மட்டும் ரசிச்சுட்டு, காஞ்ச பொடி வாங்க லிட்டில் இந்தியா போங்க.

பெலாச்சான் வாங்கணும்னாலும் இங்கதான். காஞ்ச எறால் கட்டி, செங்கல் மாதிரி பேப்பர்ல சுத்தி இருக்கும். வீட்டுக்காரங்க சம்மதம் வாங்கிட்டு வாங்குங்க, ஒரு தடவ வறுத்தா வாசம் பக்கத்து ஃப்ளாட் வரைக்கும் போகும். மாடியில பழைய புத்தகக் கடைங்க இருக்கு, அந்தப் பைத்தியம் இருக்கிறவங்க தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கிக்குங்க, இல்லாதவங்க ஏற வேண்டாம்.

ஞாயித்துக்கிழமைன்னா காலையிலயே சிட்டி ஸ்டேடியம் பக்கத்துல லோரோங் கூலிட் போகலாம். பழைய சாமான் சந்தை. பழைய சில்லறைக் காசு, கெடிகாரம், பீங்கான் தட்டு, டிஃபன் கேரியர், யாரோ வீட்டு கல்யாண ஃபோட்டோ, ஒத்தக் கால் ஷூ, எல்லாம் தரையில விரிச்சு வச்சிருப்பாங்க. மத்தியானத்துக்குள்ள சுருட்டிடுவாங்க. பித்தளை சாமான் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க, பழசு மாதிரி செஞ்ச புதுசும் அங்க நெறைய சுத்துது.

லிட்டில் இந்தியாவுக்கு பத்து மணிக்கு மேல போனாப் போதும், அதுக்கு முன்னாடி பாதிக் கடை தொறந்திருக்காது. லெபோ பாசார், லெபோ பினாங், லெபோ குவீன், லெபோ கிங், இந்த நாலு தெருவச் சுத்தித்தான் எல்லாமே. லெபோ பாசார நம்ம பழைய ஆளுங்க இன்னும் கடைத்தெருன்னுதான் சொல்லுவாங்க. லெபோ குவீன்ல மகாமாரியம்மன் கோயில் இருக்கு, 1833-ல கட்டுனது, ஆத்தாவ ஒரு கும்புடு போட்டுட்டு ஆரம்பிங்க.

இங்க எத வாங்கக் கூடாதுன்னு மொதல்ல சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல இருந்து வர்றவங்க பட்டுச்சேலை பக்கம் தலவச்சுக்கூடப் படுக்காதீங்க. சேலை, வேட்டி, குத்துவிளக்கு, பித்தளை சொம்பு எல்லாமே அங்க இருந்துதான் கப்பல் ஏறி வருது, தி. நகர் பக்கத்துல வீட்ட வச்சுகிட்டு இங்க வந்து சேலை எடுத்தா திருநெல்வேலிக்கே அல்வா வாங்கிட்டுப் போன கதைதான். எங்களுக்கு வேற வழி இல்ல, தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இங்கதான் எடுக்கணும், தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தத் தெருவுல நடக்கணும்னா ஒருத்தர் முதுக ஒருத்தர் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். கேஎல்காரங்களுக்கும் இதேதான், மஸ்ஜித் இந்தியாவுலயும் கிள்ளான்லயும் உங்களுக்கு இத விட தேர்வு ஜாஸ்தி.

வாங்க வேண்டியது கறித்தூள். பினாங்கு கறித்தூள் நம்ம ஊரு மசாலாவும் இல்ல, வட இந்திய மசாலாவும் இல்ல. நாசி கண்டார்னு சோத்துல ஊத்திக் குடுக்குற அந்தக் கறிக்கொழம்ப ஒரு தடவ சாப்ட்டவங்களுக்குத் தெரியும். கடையில போயி சும்மா கறித்தூள்னு கேக்காதீங்க, மீனுக்கு வேற, ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் வேற, குருமாவுக்கு வேற. மீனுக்குள்ளதுல வெந்தயமும் மொளகாயும் தூக்கலா இருக்கும், கறிக்குள்ளதுல சோம்பு, பட்டை வாசம் முன்னால வரும். சாக்குல இருந்து அள்ளிக் குடுக்குற கடையா பாருங்க, கொஞ்சம் உள்ளங்கையில வாங்கி தேச்சு மோந்து பாருங்க, வாசம் மூக்குல ஏறலைன்னா அது ரொம்ப நாளா அங்கயே இருக்குன்னு அர்த்தம். கால் கிலோ கால் கிலோவா வாங்குனா போதும், ஊருக்குப் போயி டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க.

தங்கம் பத்தி எல்லாரும் கேக்குறாங்க. இங்க நகைக்கடையில 916-ன்னுதான் பேசுவாங்க, 22 காரட், நூத்துக்கு 91.6 பங்கு தங்கம், ஊர்ல இருக்கிற அதே கணக்குதான். அன்னிக்கு ஒரு கிராம் என்ன ரேட்டுன்னு கடை வாசல்லயே பலகையில இருக்கும். அந்த ரேட்ல பேரம் கெடையாது, பேரமெல்லாம் செய்கூலியில. அதனால மொத்த விலைய மட்டும் கேட்டுட்டு தலையாட்டாதீங்க. எத்தன கிராம், கூலி எவ்ளோ, கல்லு இருந்தா கல்லோட எடைய கழிச்சாச்சா, இந்த மூணையும் தனித்தனியா கேளுங்க, கால்குலேட்டர்ல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. ரசீதுல எடையும் 916-ம் எழுதி இருக்கணும், பின்னால அதே கடையில மாத்தணும்னா அந்தக் காகிதம்தான் பேசும். அப்பறம் எங்க ஊரு நகைக்கடையில நம்ம டிசைனோட சேத்து மலாய்க்காரங்க போடற ராந்தாய் சங்கிலி, சீனங்க போடற காப்பு எல்லாம் பக்கத்து பக்கத்துல தொங்கும், ஊர்ல கெடைக்காத டிசைன் வேணும்னா அந்தப் பக்கம் பாருங்க, முத்துமாலையையும் ஜிமிக்கியையும் ஊர்லயே வாங்கிக்கலாம். இந்தியாவுக்கு எவ்ளோ கொண்டுபோகலாம்னு கஸ்டம்ஸ் விதிய கெளம்புற அன்னிக்கு பாத்துக்குங்க, அது அடிக்கடி மாறும்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் போனா கைலி, அத்தர், சொங்கோக் தொப்பி விக்கிற கடைங்க இருக்கு. பள்ளிவாசலே 1801-ல ஆரம்பிச்சது, நம்ம தமிழ் முஸ்லிம் மக்கள் கட்டுனது. தாத்தாவுக்கோ மாமாவுக்கோ ஒரு நல்ல கட்டம் போட்ட கைலி இங்க எடுங்க. தொட்டுப் பாத்தா மொடமொடன்னு கஞ்சி போட்டு இருக்கும், ரெண்டு தண்ணியில அலசுனா அப்பறம் அத விட மெத்துன்னு ஒண்ணு உலகத்துலயே இருக்காது. மூட்டுனதா மூட்டாததான்னு பாத்து வாங்குங்க.

மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் எங்க டவுனான ஜார்ஜ் டவுன்ல வெயில் மண்டையப் பொளக்கும், அந்த நேரத்துல தெருவுல சுத்தறது வேல இல்லாத வேல. சாப்ட்டுட்டு மாலுக்குப் போங்க, மாலுக்கு எங்க ஊர்ல அதுக்குத்தான் மரியாதை. கேர்னி பிளாசாவும் கேர்னி பாராகனும் பக்கத்து பக்கத்துல கடலோரமா இருக்கு, பாராகன் வளாகத்துக்குள்ள பழைய கிறிஸ்தவ மடத்துக் கட்டடத்த இடிக்காம வச்சிருக்காங்க, பாக்க நல்லா இருக்கும். ஏர்போர்ட் பக்கம் தங்குனா குவீன்ஸ்பே மால். ஃபோன் கவர், சார்ஜர், ஸ்க்ரீன் ஒட்டுறதுன்னா கொம்தார் கட்டடமும் பக்கத்துல இருக்கிற பிராங்கின் மாலும். கேஎல்காரங்களுக்கு இதுல எதுவும் புதுசு இல்ல, தாண்டிப் போங்க.

பிராண்டு சாமான் தள்ளுபடியில வேணும்னா பத்து கவான்ல டிசைன் வில்லேஜ்னு அவுட்லெட் மால் இருக்கு, பக்கத்துலயே ஐகியா. ரெண்டும் தீவுல இல்ல, பெருநிலத்துல. ரெண்டாவது பாலம் வழியா போகணும், 24 கிலோமீட்டர் நீளம், 2014-ல தொறந்தாங்க. கிராப் டாக்சியில போனா வர்றப்ப வண்டி கெடைக்க நேரமாகும், அதனால கேஎல்ல இருந்து கார்ல வர்றவங்க ஊருக்குத் திரும்பற வழியில எறங்கிட்டுப் போறதுதான் புத்தி. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப அந்தப் பக்கமெல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம், இப்ப ஹைவேயும் மாலும், லாடாங் பத்து கவான் தமிழ்ப்பள்ளிங்கிற பேர்லதான் அந்தத் தோட்டம் இன்னும் இருக்கு.

பிஸ்கட்டுக்கு வருவோம், இது இல்லாம பினாங்குல இருந்து யாரும் போக முடியாது. பாசிப்பருப்ப வேகவச்சு இனிப்பும் உப்பும் வெங்காய வாசமுமா உள்ள வச்சு சுடற சீன பிஸ்கட், தாவ் சார் பியா, மலாய்க்காரங்க தம்புன் பிஸ்கட்னு சொல்லுவாங்க. கீ ஹியாங் 1856-ல இருந்து நடக்குற கடை, ஜாலான் பர்மாவுல ஹிம் ஹியாங் இருக்கு, எது ஒசத்தின்னு எங்க ஊர்ல கேட்டா சண்டைதான் வரும். நான் எந்தப் பக்கமும் இல்ல, எது சூடா கெடைக்குதோ அது. ஆனா ஒண்ணு, பழைய முறையில மாவுல பன்னிக் கொழுப்பு சேக்கறது வழக்கம். எல்லாக் கடையும் அப்படி இல்ல, ஹலால் சின்னம் போட்டதும் இருக்கு, காய்கறி எண்ணெயில செய்யறதும் இருக்கு. சைவம் சாப்புடறவங்களும் முஸ்லிம் நண்பர்களுக்குக் கொண்டு போறவங்களும் டப்பாவத் திருப்பிப் படிச்சுட்டு, கடையிலயும் வாய்விட்டு கேட்டுட்டு வாங்குங்க, கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. கீ ஹியாங்ல நல்லெண்ணெயும் விப்பாங்க, கொழந்த படம் போட்ட போத்தல், சீன வீட்டுல புள்ள பெத்தவளுக்கு இஞ்சியும் கோழியும் போட்டு அந்த எண்ணெயிலதான் சமைச்சுப் போடுவாங்க. வறுத்த எள்ளுல ஆட்டுறதால நம்ம செக்கு எண்ணெய் மாதிரி இருக்காது, இட்லிப்பொடிக்கு ஊத்தினா ஒத்து வராது.

இப்ப கடற்கரைக்குப் போவோம். பத்து ஃபெரிங்கிதான் எல்லா ரிசார்ட்டும் இருக்கிற பக்கம். டவுன்ல இருந்து 101 பஸ் போகும், படகுத்துறையில கெளம்பி கொம்தார் வழியா, அதே பஸ் தெலுக் பஹாங் வரைக்கும் ஓடும். மத்தியானத்துல அங்க ரோட்டோரமா ஒண்ணும் இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வேன்ல இருந்து கம்பிய எறக்கி, தார்ப்பாய் கட்டி, பல்பு மாட்டி, ஏழு ஏழரைக்குள்ள ஒரு தெருவே மொளைச்சிடும், ஹோட்டல் வாசல்ல இருந்து அடுத்த ஹோட்டல் வாசல் வரைக்கும். டீசர்ட்டு, பீச் டிரஸ், பாத்திக் துணி, மரச்சாமான், விளக்கு, பை, வாட்சு.

வாட்சும் பையும் போலி, அதுல யாருக்கும் சந்தேகமே வேண்டாம். ஒரு தம்பி லேமினேட் பண்ண ஆல்பத்த விரிச்சு காட்டுவான், அதுல இருக்கிற எல்லா பேரும் சுவிட்சர்லாந்து பேரா இருக்கும், அத வாங்கி ஏர்போர்ட்ல மாட்டிக்காதீங்க. நீங்க வாங்க வேண்டியது துணி, அதுலயும் பீச்சுல கட்டுற லேசான சாரோங், கொழந்தைங்களுக்கு கால்சட்டை.

பேரம் இங்க கால்குலேட்டர்லதான் நடக்கும். கடைக்காரர் ஒரு எண்ண அடிச்சு உங்க பக்கம் திருப்புவார், நீங்க அத அழிச்சுட்டு உங்க எண்ண அடிச்சு திருப்பணும், வாயே தொறக்க வேண்டாம். மொதல்ல சொல்ற விலையில பாதிக்குக் கொஞ்சம் கீழ ஆரம்பிங்க. அவர் நெஞ்சுல கைய வச்சு அலமாக்னு சொல்லுவார், அது நாடகம், நீங்களும் ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு நில்லுங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல வந்து நின்னா வாங்கிக்கலாம், இல்லைன்னா "தாக் அப்பா லா"ன்னு, அதாவது பரவால்லன்னு, சொல்லிட்டு மெதுவா நடங்க, அவர் கூப்புட்டா வெல படியும், கூப்புடலைன்னா அவர் சொன்னதுதான் உண்மையான வெல, அடுத்த கடையில அந்த விலைக்கு மேல குடுக்காதீங்க. ஒண்ணுக்கு பதிலா மூணு எடுத்தா கொறைப்பாங்க. கடைய விரிச்ச ஒடனே போனா போணி ஆகட்டும்னு சீக்கிரம் எறங்கி வருவாங்க, அதே மாதிரி பதினோரு மணிக்கு மேல மூட்டை கட்டுற நேரத்துலயும். நம்ம ஆளுங்க கடையா இருந்தா "அண்ணே, தூரத்துல இருந்து வந்திருக்கோம்"னு ஆரம்பிச்சுடாதீங்க, தூரத்துல இருந்து வந்தவனுக்குத்தான் வெல ஜாஸ்தி. ஆனா பாலிக் பூலாவ் பாட்டி தோட்டத்துப் பழத்த கூடையில வச்சு விக்கிறப்ப, சௌராஸ்தாவுல எடை போட்டு விக்கிறப்ப, இந்த வித்தையெல்லாம் காட்டாதீங்க, அங்க அசிங்கம்.

பாத்திக் பத்தி கொஞ்சம் வெவரமா சொல்லணும், ஏன்னா ஏமாறது இங்கதான். மூணு வகை இருக்கு. கையால மெழுகு ஊத்தி கோடு போட்டு சாயம் தீட்டுனது, செம்பு அச்ச மெழுகுல முக்கி குத்துனது, அப்பறம் மெஷின்ல பிரிண்ட் போட்டது. ரோட்டுக்கடையில இருக்கிறது முக்காவாசி மூணாவது வகை, விலைக்கு ஏத்த சாமான், தப்பில்ல, ஆனா அத கையால வரைஞ்சதுன்னு சொல்லி கையால வரைஞ்ச வெல கேட்டா குடுக்கக் கூடாது. துணியத் திருப்பிப் பாருங்க. மெழுகு வச்சு செஞ்சதுன்னா சாயம் ரெண்டு பக்கமும் ஊறி இருக்கும், பின்பக்கமும் முன்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பிரிண்டுன்னா பின்பக்கம் வெளிறி இருக்கும். அடுத்து ஒரே பூவ அஞ்சாறு எடத்துல ஒப்பிட்டுப் பாருங்க. கையால போட்டதுல ஒரு எதழ் தடிச்சு இருக்கும், ஒரு எடத்துல சாயம் கோட்டத் தாண்டி இருக்கும், அச்சுல குத்துனதுல அச்சு சேர்ற எடத்துல மயிரிழை தள்ளிப் போயிருக்கும், எல்லாமே அச்சு அசலா ஒண்ணா இருந்தா மெஷின். ஃபெரிங்கியில வாங்கறதுக்கு முன்னாடி பகல்ல தெலுக் பஹாங்ல பாத்திக் பட்டறை இருக்கு, கிராஃப்ட் பாத்திக்னு பேரு, அங்க போயி மெழுகு உருக்குறதையும் அச்சு குத்துறதையும் ஒரு தடவ பாத்துட்டு வந்துடுங்க, கண்ணு பழகிடும். வெல அங்க ஜாஸ்திதான், ஆனா கலியாணத்துக்குக் குடுக்குற மாதிரி பட்டுல வேணும்னா அங்கயே எடுங்க.

செவ்வாய்க்கிழமை ராத்திரி இங்க இருக்கீங்கன்னா தஞ்சோங் பூங்காவுல உள்ளூர்க்காரங்க போற பாசார் மாலாம் நடக்கும், ஃபெரிங்கி போற வழிதான். பேரம் அவ்வளவா கெடையாது, ஏன்னா சொல்ற வெலையே நாங்க குடுக்குற வெல. வீட்டு உடுப்பு, பழம், செருப்பு, அப்பம் பாலிக்ங்கிற கடலை அப்பம், எல்லாம் தாப்பாவ் (பார்சல்) பண்ணிட்டு ரூமுக்குப் போயி சாப்புடலாம்.

வாரக் கடைசியில ஜாலான் குருத்வாராவுல ஹின் பஸ் டிப்போ. பழைய பஸ் டிப்போவ ஓவியக் கூடமா மாத்துன எடம், ஞாயித்துக்கிழமை இளசுங்க கைவேல சந்தை போடுவாங்க, சோப்பு, தோடு, பீங்கான் கப்பு, கையால தைச்ச பை. வெல கொஞ்சம் தூக்கல், ஆனா செஞ்ச ஆளே எதிர்ல உக்காந்திருப்பாங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தம், சாவிக்கொத்து மாதிரி சில்லறை சாமானுக்கு லெபோ ஆர்மேனியன் போதும், 2012-ல வரைஞ்ச அந்த சைக்கிள் ஓட்டற ரெண்டு புள்ளைங்க சுவரோவியம் இருக்கிற தெரு. ஓவியத்துக்கு நேர் எதிர்ல வாங்காதீங்க, பத்தடி தள்ளிப் போங்க.

ஜூன் மாசம் போல வந்தீங்கன்னா பாலிக் பூலாவ்ல டுரியான் காலம். ஆங் ஹே, ஹோர் லோர்னு எங்க தீவு ரகம் கேட்டு வாங்கி அங்கயே தோட்டத்துல உக்காந்து சாப்டுங்க. ஹோட்டல்ல உள்ள விடமாட்டாங்க, விமானத்துலயும் விடமாட்டாங்க.

கடைக்குப் போறப்ப துணிப்பை எடுத்துட்டுப் போங்க. பிளாஸ்டிக் பை சும்மா குடுக்குறத பினாங்கு 2009-லயே கொறைக்க ஆரம்பிச்சுடுச்சு, சூப்பர்மார்க்கெட்ல பைக்குன்னு தனியா காசு கேட்டா அது உங்கள ஏமாத்தறது இல்ல.

பெட்டி கட்டுறப்ப பெலாச்சான மூணு பையில போட்டு ஒவ்வொண்ணையும் தனியா முடிஞ்சு, அதுக்கு மேல டேப் சுத்தி, செக்-இன் பெட்டியில வைங்க. எண்ணெய், தைலம், லக்ஸா நூடுல்ஸுக்கு போடற விழுது, ஜெருக் பாகு எல்லாமும் அதுலதான், கையில கொண்டு போற பையில 100 மில்லிக்கு மேல விடமாட்டாங்க. கறித்தூள துணிக்கு நடுவுல வைக்காதீங்க, பாக்கெட்டு எவ்ளோ நல்லா ஒட்டியிருந்தாலும் வாசம் சட்டையில ஏறிடும். பிஸ்கட் டப்பாவ மட்டும் கையிலயே வச்சுக்குங்க, பெட்டியில போட்டா சென்னையில எறங்கறப்ப பாசிப்பருப்பு பொடிதான் மிஞ்சும்.